கலப்பு மறுசுழற்சி பிளாஸ்டிக்கில் கண்ணாடி இழை: வார்ப்பு வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பழைய வாளி, எண்ணெய் கேன், பாட்டில் மூடி, உடைந்த நாற்காலி எல்லாவற்றையும் ஒன்றாக அரைத்து, உருக்கி, ஒரு பலகை வார்த்துப் பாருங்கள். கையில் எடுத்தால் கெட்டியாகத்தான் இருக்கும். இரண்டு முனைக்கும் கீழே கல் வைத்து நடுவில் பாரம் ஏற்றிவிட்டு மறுநாள் போய்ப் பார்த்தால் நடுப்பகுதி தொய்ந்திருக்கும். பாரத்தை இறக்கினாலும் பழைய நிலைக்குத் திரும்பாது. அதே பலகையைச் சுத்தியலால் ஓங்கி ஒரு தட்டு தட்டினால் பட்டென்று இரண்டாகும். தொய்வதும் உடைவதும் ஒரே பலகையில் சேர்ந்து இருப்பதுதான் கலப்பு பிளாஸ்டிக்கின் உண்மையான சிக்கல்.

தொய்வுக்கு நல்ல மருந்து கண்ணாடி இழை. ஆனால் அதை மெஷினில் சரக்கு போடும் புனலான ஹாப்பரில் கொட்டிவிட்டால் போதும் என்று நினைத்து இறங்குகிறவர்கள் பெரும்பாலும் ஏமாந்துபோகிறார்கள். இழை வேலை செய்ய இரண்டு விஷயம் வேண்டும்: பிளாஸ்டிக் அதை இறுகப் பிடிக்க வேண்டும், இழை போதிய நீளத்தில் மிஞ்ச வேண்டும். கீழே சொல்லும் எல்லாப் படிகளும் இந்த இரண்டைக் காப்பாற்றத்தான். அதில் பாதிக்கு மேல் இழையைக் கையில் எடுப்பதற்கு முன்பே முடிய வேண்டிய வேலை.

முதலில் இழையைப் புரிந்துகொள்ளுங்கள்

நாம் பயன்படுத்துவது பெரும்பாலும் ஈ-கிளாஸ் வகை இழை. அதன் விறைப்பு சுமார் 72 கிகாபாஸ்கல். பாலிபுரொப்பிலீனுக்கு (இனி பிபி என்றே சொல்கிறேன்) சுமார் 1.5, அடர் பாலித்தீனான எச்டிபிஇ-க்கு சுமார் 1. அதாவது இழை பிளாஸ்டிக்கைவிட ஏறக்குறைய ஐம்பது முதல் எழுபது மடங்கு விறைப்பானது. பாரத்தை பிளாஸ்டிக்கிடமிருந்து வாங்கி இழை சுமக்க வேண்டும். வாங்குவது எப்படி? இழையின் பக்கவாட்டுப் பரப்பு வழியாக, உராய்வாலும் ஒட்டுதலாலும்.

சேற்றில் புதைந்த கம்பியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு சாண் நீளம் புதைந்திருந்தால் உருவிவிடலாம். ஒரு முழம் புதைந்திருந்தால் கம்பிதான் அறும், சேற்றை விட்டு வராது. இழைக்கும் அப்படி ஒரு எல்லை நீளம் உண்டு. இழையின் வலிமையை விட்டத்தால் பெருக்கி, ஒட்டுதல் வலிமையின் இரண்டு மடங்கால் வகுத்தால் அந்த நீளம் கிடைக்கும். 13 மைக்ரான் விட்டமுள்ள இழையின் வலிமை 2000 மெகாபாஸ்கல், ஒட்டுதல் 10 மெகாபாஸ்கல் என்று வைத்துக்கொண்டால் விடை 1.3 மில்லிமீட்டர். ஒட்டுதலை 20 ஆக உயர்த்தினால் எல்லை நீளம் 0.65 மில்லிமீட்டராகக் குறைகிறது.

இந்தக் கணக்கை ஏன் சொல்கிறேன் என்றால், 3 முதல் 6 மில்லிமீட்டர் நீளத்தில் வெட்டி வாங்கும் இழை, பிளாஸ்டிக்கை உருக்கிப் பிதுக்கும் எக்ஸ்ட்ரூடரிலும், உருக்கி அச்சுக்குள் அழுத்தி ஏற்றும் இன்ஜெக்‌ஷன் மெஷினிலும் அடிபட்டு, பொருளுக்குள் போய்ச் சேரும்போது பெரும்பாலும் அரை மில்லிமீட்டர் அளவில்தான் இருக்கும். ஒட்டுதல் மோசமாக இருந்தால் அந்த அரை மில்லிமீட்டர் இழை வெறும் மணல். எடை ஏறும், மெஷின் தேயும், வலிமை அவ்வளவாக ஏறாது.

எதைச் செய்யப் போகிறீர்கள் என்று முடிவெடுங்கள்

கண்ணாடி இழை சேர்த்த கலப்பு பிளாஸ்டிக் தடிமனான, பாரம் தாங்கும், அழகு முக்கியமில்லாத பொருள்களுக்கு ஏற்றது: சரக்குத் தட்டு, வடிகால் மூடி, வேலிக் கம்பம், நடைபாதைப் பலகை, கேபிள் தாங்கி, இரயில் தண்டவாளக் கட்டை. 2009-ல் அமெரிக்காவின் ஃபோர்ட் பிராக் இராணுவத் தளத்தில் ஒரு பாலம் கட்டினார்கள். ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் உருவான தொழில்நுட்பம் அது. பழைய எச்டிபிஇ-யோடு கண்ணாடி இழை கலந்த பிபி கழிவைச் சேர்த்து வார்த்த உத்தரங்களால் ஆனது. ஏறக்குறைய 70 டன் எடையுள்ள டாங்கி அதன் மேல் போய் வந்தது. சரியாகச் செய்தால் இந்தக் கலவை எதுவரை போகும் என்பதற்கு அது ஒரு நல்ல சாட்சி.

உணவு படும் பாத்திரம், குழந்தைகளின் விளையாட்டுச் சாமான், கை அடிக்கடி படும் கைப்பிடி இதற்கெல்லாம் இந்தக் கலவை வேண்டாம். கழிவில் முன்பு என்ன இருந்தது என்று நமக்குத் தெரியாது. மேற்பரப்பு தேயும்போது இழை வெளியே நீட்டிக் குத்தும். மெல்லிய சுவருள்ள பொருளும் வேண்டாம், இரண்டு மில்லிமீட்டருக்குக் கீழே போனால் கலப்புச் சரக்கில் இருக்கும் ஒரு சின்ன அந்நியத் துண்டே போதும், அங்கேயே விரிசல் தொடங்கும்.

சரக்கைப் பிரிப்பது

எனக்குத் தெரிந்து தோற்ற வார்ப்புகளில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் தோற்றன.

பிளாஸ்டிக் வகைகள் ஒன்றோடொன்று கலப்பதில்லை. எச்டிபிஇ-யும் பிபி-யும் பார்க்க அண்ணன் தம்பி போல இருக்கும், இரண்டும் தண்ணீரில் மிதக்கும், தொட்டால் ஒரே மாதிரி மெழுகுத்தன்மை. ஆனால் உருக்கிக் கலக்கினால் ஒன்று கடலாகவும் மற்றது அதில் தீவுகளாகவும்தான் நிற்கும். தீவுக்கும் கடலுக்கும் நடுவில் பிடிப்பு குறைவு. சுத்தியலில் அடித்தால் பட்டென்று உடைவது அதனால்தான். இந்த ஜோடியைச் சமாளிக்க வழி இருக்கிறது, பின்னால் வருகிறேன். சமாளிக்க முடியாத ஜோடிகள் வேறு.

பாட்டில் செய்யும் பெட் சுமார் 250 பாகை செல்சியஸில்தான் உருகும். பிபி 165 பாகையிலும் எச்டிபிஇ 130 பாகையை ஒட்டியும் உருகிவிடும். நாம் 210 பாகையில் ஓட்டும்போது பெட் துண்டு உருகாமல் அப்படியே கல்லாக மிதந்து வரும். சரி, சூட்டைக் கூட்டுவோம் என்று போனால் நம் பழைய சரக்கு சிதையத் தொடங்கும். பிவிசி இன்னும் மோசம். 200 பாகையை நெருங்கும்போதே அது சிதைந்து ஹைட்ரஜன் குளோரைடு வாயுவைக் கக்கும். ஒருமுறை எங்கள் மூட்டைகளில் ஒன்றில் குழாய்த் துண்டுகள் கலந்திருந்ததை யாரும் கவனிக்கவில்லை. பத்து நிமிடத்தில் மெஷின் அருகே நின்றவர்களுக்குக் கண் எரிந்தது, தொண்டை கமறியது. ஓட்டத்தை நிறுத்தி, காற்றோட்டம் ஏற்படுத்தி, சுத்தமான பாலித்தீன் போட்டு, பிளாஸ்டிக் உருகும் உருளையான பேரலைக் கழுவினோம். வார்ப்பு அச்சான மோல்டை உடனே துடைக்கவில்லை. மறுநாள் காலையில் அதன் பளபளப்பான முகத்தில் தேமல் போலத் துரு பூத்திருந்தது. அன்றிலிருந்து பிவிசி சோதனை செய்யாத மூட்டை மெஷின் பக்கமே வருவதில்லை.

பிரிக்கும் முறை இதுதான். ஃப்ளேக் என்னும் அரைத்த துண்டுகளைத் தண்ணீர்த் தொட்டியில் போடுங்கள். கொஞ்சம் சோப்புத் திரவம் விட்டால் காற்றுக் குமிழி ஒட்டிக்கொண்டு பொய்யாக மிதப்பது நிற்கும். பாலித்தீனும் பிபி-யும் அடர்த்தி 0.90 முதல் 0.97 வரை, ஆகவே மிதக்கும். பாலிஸ்டைரீன், ஏபிஎஸ், பெட், பிவிசி, நைலான் எல்லாம் மூழ்கும். மிதப்பதை வாரி எடுங்கள், அதுதான் நம் சரக்கு.

இதில் இரண்டு விதிவிலக்கு. நுரைத்த எந்தப் பிளாஸ்டிக்கும் மிதக்கும், தெர்மாகோல் துண்டும் உங்கள் பிபி-யோடு வந்து சேரும். டால்க் அல்லது சுண்ணாம்புத் தூள் நிறைய சேர்த்த பிபி மூழ்கிவிடும். கார் உதிரிபாகங்களிலும் துணி துவைக்கும் மெஷின் தொட்டியிலும் இப்படிப்பட்ட பிபி கிடைக்கும். மூழ்கியதை எல்லாம் கழிவென்று தள்ளாதீர்கள், ஒரு பிடி எடுத்துத் தனியாகப் பாருங்கள். ஏற்கெனவே கண்ணாடி இழை கலந்த பிபி கழிவு கையில் மாட்டினால் அது நமக்கு இரட்டை லாபம்.

பிவிசி-க்குச் சோதனை செம்புக் கம்பிதான். கம்பியைச் சுடரில் பழுக்கக் காய்ச்சி, சந்தேகமான துண்டில் தொட்டு, மறுபடி சுடரில் காட்டுங்கள். சுடர் பளிச்சென்று பச்சையாக எரிந்தால் குளோரின் இருக்கிறது. திறந்தவெளியில் செய்யுங்கள், புகையை முகர வேண்டாம்.

மிதந்த சரக்கில் எவ்வளவு பிபி, எவ்வளவு பாலித்தீன் என்று தெரிய வேண்டும். எது கடலாக இருக்கப் போகிறது என்பதை வைத்துத்தான், இழையையும் பிளாஸ்டிக்கையும் ஒட்டவைக்கும் பிணைப்பானைத் தேர்ந்தெடுக்கப் போகிறோம். சின்னக் கண்ணாடிக் குவளையில் தண்ணீரோடு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைக் கலந்து அடர்த்தியை 0.925-க்குக் கொண்டுவந்து, எண்ணிய நூறு துண்டுகளைப் போட்டால் பிபி மேலே நிற்கும், எச்டிபிஇ அடியில் தங்கும். பை, ஃபிலிம் வகை மெல்லிய பாலித்தீன் இந்த எல்லையிலேயே ஊசலாடும், அதைக் கண்ணால் பார்த்து எண்ணிக்கொள்ளலாம். ஆல்கஹால் தீப்பிடிக்கும், அடுப்பு பக்கத்தில் இருக்கக் கூடாது. ஒவ்வொரு லோடுக்கும் இதைச் செய்து நோட்டில் எழுதுங்கள். கலப்புச் சரக்கில் நேற்று வந்தது போல இன்று வராது.

கழுவுதல், உலர்த்துதல்

லேபிள் பசையும் எண்ணெயும் இழைக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவில் போய் உட்கார்ந்துகொண்டால் பிடிப்பே வராது. சூடான தண்ணீரில் சிறிது காஸ்டிக் சோடா கலந்து கழுவி, பிறகு நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசுங்கள். காஸ்டிக் மிச்சம் இருந்தால் பிணைப்பானின் வேலையைக் கெடுக்கும். காகிதத் துணுக்கு மிஞ்சியிருந்தால் பேரலில் கருகிக் கறுப்புப் புள்ளியாக வரும்.

பாலித்தீனும் பிபி-யும் ஈரத்தை உள்ளே உறிஞ்சாது, ஆனால் ஃப்ளேக்கின் மேலேயும் மடிப்பிலும் தண்ணீர் தங்கும். சுழற்றிப் பிழிந்து, 70 முதல் 80 பாகைச் சூடான காற்றில் இரண்டு மணி நேரம் விட்டால் போதும். கண்ணாடி இழைப் பையைப் பிரித்த பிறகு பாதி மீந்தால் இறுகக் கட்டி வையுங்கள், ஈரம் பட்ட இழை கட்டி கட்டியாக ஒட்டிக்கொண்டு சீராக இறங்காது.

எரித்துப் பார்த்துச் சாம்பலை எடை போடுங்கள்

புதியவர்கள் பெரும்பாலும் விட்டுவிடும் படி இது. நம் சரக்கில் ஏற்கெனவே எவ்வளவு சுண்ணாம்பு, டால்க், மண் இருக்கிறது என்று தெரியாமல் இருபது சதவீதம் இழை சேர்த்தால் மொத்தத் திடப்பொருள் எங்கே போய் நிற்கும் என்று தெரியாது. ஐந்து கிராம் ஃப்ளேக்கை எடை போட்டு, பீங்கான் மூசையில் வைத்து, 600 பாகை உலையில் எடை மாறாமல் நிற்கும்வரை எரியுங்கள். மிஞ்சுவதுதான் சாம்பல். ஐந்து சதவீதத்துக்குள் இருந்தால் கவலை வேண்டாம். பத்தைத் தாண்டினால் இழையின் அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள் அல்லது அந்த லோடை நல்ல லோடோடு கலந்து நீர்த்துப்போகச் செய்யுங்கள்.

இதே சோதனை பிறகும் உதவும். முடிந்த பொருளில் ஒரு துண்டை எரித்தால் பிளாஸ்டிக் போய் இழை மட்டும் பூப்போல நிற்கும். அதை அலசி, கறுப்புத் தாளில் பரப்பி, பூதக் கண்ணாடியில் பார்த்தால் இழை எவ்வளவு நீளத்தில் தப்பித்தது என்று நேராகத் தெரிந்துவிடும்.

இழை, பிணைப்பான், அளவு

வெட்டிய இழையை வாங்கும்போது பிபி-க்கு ஏற்றதா என்று கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு இழையின் மேலும் ஒரு பூச்சு இருக்கும், அதில் சைலேன் என்ற வேதிப்பொருள் முக்கியம். நைலானுக்கும் பாலியஸ்டர் ரெசினுக்கும் வேறு வேறு பூச்சு. படகு கட்டும் வேலையில் மீந்த இழையை வெட்டிப் போடலாமே என்று பலர் கேட்கிறார்கள். போடலாம், ஆனால் அதன் பூச்சு நம் பிளாஸ்டிக்கைப் பிடிப்பதற்காகச் செய்ததல்ல.

பூச்சு மட்டும் போதாது. பிபி-யும் பாலித்தீனும் எதையும் எளிதில் ஒட்டாத குணமுள்ளவை. அதற்காக மாலியிக் அன்ஹைட்ரைடு ஒட்டவைத்த பிபி என்று ஒரு பிணைப்பான் குருணை வடிவில் கிடைக்கிறது. அதன் ஒரு முனை இழையின் மேலுள்ள சைலேனைப் பற்றிக்கொள்ளும், நீண்ட வால் பிபி-யோடு பின்னிக்கொள்ளும். நூற்றுக்கு ஒன்று முதல் மூன்று போதும். சரக்கில் பாலித்தீன் அதிகமாக இருந்தால் மாலியிக் ஒட்டிய பாலித்தீனை வாங்குங்கள். செலவு என்று இதில் கை வைத்தால் மற்ற எல்லாச் செலவும் வீண். இழையைக் குறைத்தாலும் குறையுங்கள், பிணைப்பானைக் குறைக்காதீர்கள்.

பிபி-யும் பாலித்தீனும் தீவும் கடலுமாக நிற்கும் சிக்கலுக்கு எத்திலீன் சார்ந்த மென்ரப்பர் வகைகள் உதவும். எத்திலீன்-புரொப்பிலீன் ரப்பர், எத்திலீன்-ஆக்டீன் வகை இரண்டும் நன்றாக வேலை செய்யும். ஐந்து சதவீதம் சேர்த்தாலே அடி தாங்கும் தன்மை கூடுவது தெரியும். ஆனால் விறைப்பு கொஞ்சம் இறங்கும். பலகைக்கு வேண்டாம், சரக்குத் தட்டுக்கு வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

நூறு கிலோவுக்கு ஒரு தொடக்கக் கணக்கு சொல்கிறேன், இதிலிருந்து உங்கள் சரக்குக்கு ஏற்ப நகருங்கள். சுத்தம் செய்த ஃப்ளேக் 73.7 கிலோ, இழை 20, பிணைப்பான் 2, பாதிக்குப் பாதி கரி உள்ள கறுப்பு நிறக் குருணை (மாஸ்டர்பேட்ச்) 4, பிளாஸ்டிக் சிதைவதைத் தடுக்கும் ஆன்டிஆக்சிடன்ட் 300 கிராம். கரி வெறும் நிறத்துக்கு இல்லை. இரண்டு சதவீதம் கரி இருந்தால் வெயிலில் பிளாஸ்டிக் பொடிந்துபோவதை வருடக்கணக்கில் தள்ளிப்போடும். ஆன்டிஆக்சிடன்ட் ஏன் என்றால், இந்தப் பிளாஸ்டிக் ஏற்கெனவே ஒருமுறை உருகி, வெயிலில் கிடந்து, தன் காப்பை எல்லாம் செலவழித்துவிட்டது.

இழையை முப்பது சதவீதத்துக்கு மேல் ஏற்ற அவசரப்படாதீர்கள். இருபதில் எடை அதிகம் ஏறாது. பிபி-யில் இருபது சதவீதம் இழை சேர்த்தால் அடர்த்தி 1.04 அளவுக்கு வரும், முப்பதில் 1.13. அதாவது இனி இந்தப் பொருள் தண்ணீரில் மூழ்கும். இதை நினைவில் வையுங்கள், கடைசியில் மறுபடி வரும்.

இழையை எங்கே உள்ளே விடுவது

முதன்முதலில் இழையை ஃப்ளேக்கோடு கலந்து ஹாப்பரிலேயே போட்டேன். பலகை வந்தது, எடை சரியாக இருந்தது, வளைத்துப் பார்த்தால் பழைய பலகையைவிடக் கொஞ்சம்தான் மேல். ஒரு துண்டை எரித்துச் சாம்பலைத் தாளில் கொட்டினேன். இழை என்று சொல்ல எதுவும் இல்லை, விரலில் தேய்த்தால் மாவு. இன்னும் உருகாத ஃப்ளேக் துண்டுகளுக்கும் இரும்புக்கும் நடுவில் சிக்கி, அம்மியில் அரைத்தது போல இழை அரைபட்டிருந்தது.

ஆகவே விதி இது: பிளாஸ்டிக் முழுதாக உருகிய பிறகே இழை உள்ளே வர வேண்டும். இரட்டை ஸ்க்ரூ எக்ஸ்ட்ரூடரில் பேரலின் பாதி வழியில், பக்கவாட்டில் சரக்கை உள்ளே தள்ளும் ஃபீடர் இருக்கும். ஃப்ளேக், பிணைப்பான், கறுப்பு, ஆன்டிஆக்சிடன்ட் எல்லாம் பின்பக்க ஹாப்பரில். அவை உருகி, நன்றாகப் பிசைந்து கலந்த பிறகு, பக்க ஃபீடர் வழியாக இழை. அதற்கு அப்புறம் மென்மையான கலக்கல் மட்டும், பிறகு வாயுவை உறிஞ்சும் துளையான வேக்குவம் வென்ட், பிறகு சரக்கு சரமாக வெளியே வரும் முனையான டை. வேக்குவத்தை அடைத்துக்கொண்டு ஓட்டாதீர்கள். மிச்ச ஈரமும் நாற்றமும் வெளியே போக அதுதான் வழி.

உருகிய சரக்கிலுள்ள அழுக்கை வடிக்கும் கம்பிச் சல்லடையை இழை சேர்த்த பிறகு வைக்கவே கூடாது. சில நிமிடத்தில் இழை அதில் பாய் போலப் பின்னி அடைத்துவிடும். அழுக்கான சரக்கென்றால் முதல் ஓட்டத்தில் சல்லடை வைத்து வடித்துக் குருணையாக்கி, இரண்டாவது ஓட்டத்தில் இழை சேருங்கள். இரண்டு ஓட்டம் என்பது கூடுதல் மின்சாரம், கூடுதல் நேரம்தான். ஆனாலும் கலப்புச் சரக்குக்கு இதுவே பாதுகாப்பு.

டையிலிருந்து வரும் சரத்தைக் கவனியுங்கள். வழவழப்பாக, ஒரே கனத்தில் வந்தால் இழை உருகிய பிளாஸ்டிக்கில் நன்றாக நனைந்திருக்கிறது. மேலெல்லாம் ரோமம் போல முளைத்து, குருணை வெட்டும் இடத்தில் பஞ்சு பறந்தால் நனையவில்லை. உருகிய பிளாஸ்டிக் கெட்டியாக இருக்கிறது என்று அர்த்தம். சூட்டைப் பத்து பாகை கூட்டுங்கள், இல்லையென்றால் நன்றாக ஓடும் பிபி கொஞ்சம் சேருங்கள்.

இரட்டை ஸ்க்ரூ மெஷின் இல்லாதவர்கள் மனம் தளர வேண்டாம். பிபி-யில் அறுபது சதவீதம்வரை இழை ஏற்றிய செறிவுக் குருணை விற்பனைக்கு உண்டு. நீண்ட இழை வகையில் குருணையின் முழு நீளத்துக்கும், சுமார் பத்து மில்லிமீட்டருக்கு, இழை கிடக்கும். ஏற்கெனவே நனைந்த இழை என்பதால் இன்ஜெக்‌ஷன் மெஷின் ஹாப்பரிலேயே கலக்கலாம். ஒரு பங்கு செறிவுக் குருணைக்கு இரண்டு பங்கு உங்கள் சரக்கு என்று கலந்தால் இருபது சதவீதம் வந்துவிடும். புதிதாகத் தொடங்குகிறவருக்கு நான் முதலில் சொல்வது இந்த வழியைத்தான். சொந்தமாக இழை கலக்குவதை ஆறு மாதம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

கண்ணாடி இரும்பைத் தின்னும். சாதாரண நைட்ரைடு செய்த ஸ்க்ரூவும் பேரலும் சீக்கிரம் தேயும், வசதி வரும்போது உள்ளே கடினமான வேறு உலோகப் பூச்சுள்ள பைமெட்டாலிக் பேரலுக்கு மாறுங்கள்.

அப்புறம் உடம்பு. இழைத் தூசி தோலில் அரிக்கும், கண்ணில் உறுத்தும். முழுக்கைச் சட்டை, கையுறை, கண்ணாடி, தூசி முகமூடி இல்லாமல் இழைப் பையைப் பிரிக்காதீர்கள். சிந்தியதைக் காற்றடித்து ஊதாதீர்கள், ஈரத் துணியாலோ வேக்குவம் கிளீனராலோ எடுங்கள். தோலில் பட்டால் தேய்க்காமல் குளிர்ந்த தண்ணீரை ஓடவிட்டுக் கழுவுங்கள். வேலைத் துணியை வீட்டுத் துணியோடு துவைக்க வேண்டாம். புற்றுநோய் வருமா என்று கேட்பவர்களுக்கு: 2002-ல் வெளியான மதிப்பீட்டில் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை இந்த வகைத் தொடர் இழையை மூன்றாம் பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குமா என்று வகைப்படுத்த முடியாதவற்றில் வைத்தது. இந்த இழை பத்து மைக்ரானுக்கு மேல் தடிப்பானது, நுரையீரலின் ஆழத்துக்குப் போகும் அளவுக்கு மெல்லியதல்ல. அதற்காக முகமூடியைக் கழற்றலாம் என்று அர்த்தமில்லை.

வார்க்கும்போது

இன்ஜெக்‌ஷனில் எல்லாமே இழையை உடைக்காமல் கொண்டுபோவதுதான். ஸ்க்ரூ மெதுவாகச் சுழலட்டும், ஸ்க்ரூ பின்னால் நகர்வதை எதிர்க்கும் அழுத்தமான பேக் பிரஷர் எவ்வளவு குறைவாக முடியுமோ அவ்வளவு குறைவு. உருகு சூடு 200 முதல் 230, மோல்டு 40 முதல் 70 பாகை. மோல்டு சூடாக இருந்தால் இழை மேற்பரப்பில் தெரியாமல் பிளாஸ்டிக்கால் மூடப்படும். சரக்கு மோல்டின் குழிக்குள் நுழையும் வாயிலான கேட் ஊசிமுனை போல வேண்டாம், அகலமாக வையுங்கள். கேட் வரை சரக்கு ஓடிவரும் வாய்க்காலான ரன்னரின் மூலைகளை வட்டமாக்குங்கள். கூர்மையான ஒவ்வொரு திருப்பமும் இழையை ஒடிக்கும் இடம்.

இரண்டு பக்கத்திலிருந்து ஓடிவரும் பிளாஸ்டிக் சந்திக்கும் கோட்டைக் கவனமாகப் பாருங்கள். இழைகள் அந்தக் கோட்டைத் தாண்டிப் போகாது, கோட்டுக்கு இணையாகப் படுத்துக்கொள்ளும். ஆகவே அந்த இடத்தில் இழை சேர்த்த பலனே இருக்காது. கேட்டின் இடத்தை மாற்றி, அந்தக் கோடு பாரம் விழாத இடத்துக்குப் போகும்படி செய்யுங்கள். கோணலும் இழைகள் ஒரே திசையில் படுப்பதால்தான் வருகிறது. வெறும் பிபி ஏறக்குறைய ஒன்றரை சதவீதம் சுருங்கும். இழை சேர்ந்த பிறகு ஓட்டத்தின் திசையில் சுருக்கம் பெரிதும் குறையும், குறுக்கே அவ்வளவு குறையாது. தட்டையான பொருளாக இருந்தால் ஆறும்போது முறுக்கிக்கொள்ளும். பழைய மோல்டில் இழைச் சரக்கைப் போட்டால் அளவு மாறி வருவதும் இதனால்தான்.

மூன்று சென்டிமீட்டர் தடிமனான பலகை, மூடி போன்றவற்றுக்குக் கம்ப்ரஷன் பிரஸ் நல்லது. உருகிய சரக்கை உருண்டையாக எடுத்து மோல்டில் வைத்து அழுத்துவதால் இழை குறுகலான வழிகளில் போய் ஒடிய வேண்டியதில்லை, நீளம் அதிகம் மிஞ்சும். பொறுமை வேண்டும், அவ்வளவுதான். நடுப்பகுதி ஆறுவதற்குள் திறந்தால் நடுவில் குழி விழும், உள்ளே வெற்றிடமும் தங்கும்.

வளைத்துப் பார்க்கும் சோதனை

சோதனைக் கூடம் இல்லாமலே செய்யலாம். 20 மில்லிமீட்டர் அகலம், 10 மில்லிமீட்டர் தடிமன் உள்ள பட்டையை வெட்டுங்கள். 160 மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு உருளைக் கம்பிகள் மேல் கிடத்துங்கள். நடுவில் கொக்கி மாட்டி 5 கிலோ தொங்கவிட்டு, நடுப்பகுதி எத்தனை மில்லிமீட்டர் இறங்கியது என்று வெர்னியரால் ஒரு நிமிடத்துக்குள் அளந்துகொள்ளுங்கள். 2500-ஐ அந்த எண்ணால் வகுத்தால் விறைப்பு மெகாபாஸ்கலில் கிடைக்கும். இரண்டரை மில்லிமீட்டர் இறங்கினால் 1000, இழை இல்லாத கலப்புச் சரக்கு அந்த வட்டாரத்தில்தான் இருக்கும். ஒரு மில்லிமீட்டர் மட்டும் இறங்கினால் 2500, இழை தன் வேலையைச் செய்கிறது. பாரத்தை எடுக்காமல் ஒரு நாள் விட்டு மறுபடி அளந்தால் தொய்வு எவ்வளவு என்பதும் தெரியும். தினமும் பாரம் சுமக்கும் பொருளுக்கு இந்த இரண்டாவது எண்தான் முக்கியம்.

பிறகு பட்டையை உடைத்து முறிந்த முகத்தைப் பூதக் கண்ணாடியில் பாருங்கள். இழைகள் நீளமாக, பளபளவென்று, முடி போல வெளியே நீட்டிக்கொண்டு பக்கத்தில் குட்டிக் குட்டிக் குழிகள் இருந்தால் அவை உருவி வந்திருக்கின்றன, பிடிப்பு இல்லை. பிணைப்பான் போதவில்லை அல்லது சரக்கு சரியாகக் கழுவப்படவில்லை. இழைகள் முகத்தோடு ஒட்டிக் குட்டையாக ஒடிந்து, அவற்றின் மேல் பிளாஸ்டிக் அப்பியிருந்தால் எல்லாம் சரி. நான் எண்களைவிட இந்தப் பார்வையைத்தான் முதலில் நம்புவேன்.

மீந்த துண்டுகளும் கடைசி அடையாளமும்

ரன்னர், பிசகிய வார்ப்பு இவற்றை அரைத்து மறுபடி போடலாம், பத்து முதல் பதினைந்து சதவீதம்வரை. ஒவ்வொரு முறை அரைக்கும்போதும் இழை குட்டையாகிறது, ஆகவே அதிகம் போட்டால் வளைவுச் சோதனையில் உடனே தெரியும். இந்தத் துண்டுகளுக்குத் தனி மூட்டை வையுங்கள். வெறும் பிபி மூட்டையில் கலந்துவிட்டால் அடுத்த வார்ப்பில் எந்தக் கணக்கும் நிற்காது.

மோல்டு செய்யும்போதே பொருளின் பெயரும் இழையின் அளவும் பொருளின் மேல் பதியும்படி எழுத்து வெட்டச் சொல்லுங்கள். ஐஎஸ்ஓ 11469 முறையில் பிளாஸ்டிக் வகை, அதை அடுத்து இழைக்கு ஜிஎஃப், அதன் பக்கத்தில் சதவீதம் என்று அம்புக்குறிகளுக்கு நடுவில் வரும். இந்தப் பலகை தேய்ந்து, பல வருடம் கழித்து இன்னொருவருடைய தண்ணீர்த் தொட்டிக்குப் போகும்போது அது மூழ்கும். பெட் என்றும் பிவிசி என்றும் நினைத்து அவர் தள்ளிவிடாமல் இருக்க அந்த ஒரு வரி எழுத்து அவருக்கு வேண்டும்.